கடைக்குள் மெரூன், வாசலில் செங்கல் பொடி

கேள்வி: பட்டுப்புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் பிட்டை கடையிலேயே பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன், இரண்டும் ஒரே மெரூன். வீட்டு வாசலில் விரித்தால் பிட் மட்டும் செங்கல் பொடி மாதிரி இருக்கிறது. பில் போடும்போது மாற்றிவிட்டார்களா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கடைக்காரரைத் திட்டாதீர்கள், துணி அதேதான், வெளிச்சம்தான் மாறிவிட்டது. நம் விழித்திரையில் நிறம் பார்க்கிற கூம்பு செல்கள் ஒரு கண்ணில் சுமார் 60 லட்சம். ஆனால் வகை மூன்றே மூன்று. நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்பார்கள் (அந்தச் 'சிவப்பு' செல்லை அதிகம் தூண்டுவது உண்மையில் மஞ்சள் கலந்த பச்சை ஒளி, பெயர் வைத்தவர்கள் வைத்துவிட்டார்கள்). துணியிலிருந்து எத்தனை அலைநீளங்கள் கிளம்பி வந்தாலும், இந்த மூன்று வகையும் எவ்வளவு தூண்டப்பட்டன என்ற கணக்கை வைத்துத்தான் மூளை நிறத்தை முடிவு செய்கிறது. அதனால் பட்டில் ஏறிய சாயமும் காட்டனில் ஏறிய சாயமும் வேறு வேறாக இருந்தாலும், கடை விளக்கில் கணக்கு ஒன்றாக வந்துவிட்டால் நமக்கு ஒரே மெரூன்தான். வெயிலில் இருக்கிற அலைநீளங்கள் எல்லாம் அதே அளவில் எல்இடி விளக்கில் இருப்பதில்லை. வாசலுக்கு வந்ததும் ஒரு சாயம் கூடுதலாகச் சிலதைத் திருப்பி அனுப்பும், இன்னொன்று விழுங்கிவிடும், கணக்கு பிரிந்துவிடும்.

டிவி நம்மை ஏமாற்றுவதும் இதே வழியில்தான். திரையில் மஞ்சள் சேலை தெரிகிறதே, அங்கே மஞ்சள் ஒளியே கிடையாது, சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும்தான். செல்போன் திரையில் ஒரு பொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், புள்ளிகள் பெரிதாகித் தெரியும்.

சரி, பிட்டை மாற்றப் போகும்போது புடவையையும் எடுத்துப் போங்கள். பகலிலேயே போய், இரண்டையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

கேள்வி: இருட்டுகிற நேரத்தில் செம்பருத்திப் பூ முதலில் கறுத்துவிடுகிறது, இலை மட்டும் அப்புறமும் தெரிகிறதே?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: மங்கலில் கூம்புகள் ஓய்ந்து, ஒரு கண்ணுக்குச் சுமார் 12 கோடி இருக்கும் குச்சி செல்கள் வேலைக்கு வருகின்றன. அவற்றுக்கு 500 நானோமீட்டர் பக்கம் உள்ள நீலப்பச்சை நன்றாகத் தெரியும், சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே இதை 200 ஆண்டுகளுக்கு முன்பே கவனித்துவிட்டார், அவர் பார்த்ததும் பூக்களைத்தான்.