கோக் ஜீரோ ஏன் பெயர் மாறியது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கோக் ஜீரோ என்ற பெயர் கச்சிதமாகத்தானே இருந்தது? ஏன் மாற்றினார்கள்?

பதில்: கச்சிதம்தான். ஆனால் எது பூஜ்ஜியம் என்பதை அது சொல்லவில்லை. கலோரியா, காஃபீனா, சர்க்கரையா? காஃபீன் அதில் உண்டு. 2005-இல் அமெரிக்காவில் அறிமுகமாகிப் பத்தாண்டு கடந்த பிறகும், அதில் சர்க்கரை இல்லை என்பது பலருக்குத் தெரியவில்லை. அதனால் 2016-இல் பிரிட்டனிலும் 2017-இல் அமெரிக்காவிலும் 'கோகோ கோலா ஜீரோ ஷுகர்' என்று பெயரை மாற்றினார்கள். பெப்சியும் 2016-இல் அமெரிக்காவில் 'பெப்சி மேக்ஸ்' என்பதை 'பெப்சி ஜீரோ ஷுகர்' ஆக்கியது. வாங்குபவருக்கு உண்மையாகவே பயன்பட்ட பெயர் மாற்றம் இது.

கேள்வி: டயட் கோக் 1982 முதல் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

பதில்: இரண்டும் வேறு வேறு சுவை. டயட் கோக்கின் செய்முறை தனி. ஜீரோவோ மூல கோக்கின் சுவையை நெருங்குவதற்காகவே உருவானது. இதற்குப் பின்னால் விற்பனைக் கணக்கும் இருந்தது. 'டயட்' என்றாலே பெண்களுக்கானது என்று இளைஞர்கள் ஒதுங்கினார்கள். அவர்களை ஈர்க்கக் கறுப்பு கேனும் குறும்பான விளம்பரங்களும் வந்தன. ஒரு விளம்பரத்தில் கோக் மேலாளர்களாக நடித்தவர்கள், "எங்கள் சுவையைத் திருடிவிட்டார்கள், ஜீரோ மீது வழக்குப் போட முடியுமா?" என்று வழக்கறிஞர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். சுவை ஒன்றுபோல இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கேள்வி: பிரிட்டனின் சர்க்கரை வரிதான் காரணமா?

பதில்: ஓரளவுக்கு. 100 மில்லிலிட்டரில் 8 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 24 பென்ஸ் என்று 2018 ஏப்ரலில் தொடங்கிய வரி அது. சர்க்கரையில்லாத பானத்துக்கு வரி கிடையாது. மூல கோக்கில் சர்க்கரையைக் குறைக்காத நிறுவனத்துக்கு, ஜீரோவை முன்னிறுத்துவது இயல்பான வழி.

கேள்வி: ஜீரோவில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் செயற்கை இனிப்பான அஸ்பார்டேம் புற்றுநோய் தருமா?

பதில்: 2023 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை '2பி' பிரிவில் வைத்தது, அதாவது, சாத்தியம் உண்டு, ஆதாரம் குறைவு. அதே நேரத்தில், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற வரம்பை நிபுணர் குழு மாற்றவில்லை. பினைல்கீட்டோனூரியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்கள் மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: சிவப்பு கேனைப் பார்த்து அவசரத்தில் சர்க்கரை உள்ளதை எடுத்துவிட்டேன். எனக்கு நீரிழிவு. இது யார் தவறு?

பதில்: உங்கள் தவறு இல்லை. 2021-இல் அறிமுகமான வடிவமைப்பில் இரண்டு கேன்களுமே சிவப்பு. மூல கோக்கில் எழுத்து வெள்ளை, ஜீரோவில் கறுப்பு. அலமாரி முழுக்கச் சிவப்பாகத் தெரிவது நிறுவனத்துக்கு ஆதாயம். பெயரை மாற்றித் தந்த தெளிவை நிறத்தால் பாதி கெடுத்துவிட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து. 330 மில்லிலிட்டர் மூல கோக்கில் 35 கிராம் சர்க்கரை இருக்கும்போது, இது அழகு சார்ந்த விஷயமே அல்ல. நீங்கள் நிறத்தை நம்பாதீர்கள். எழுத்து கறுப்பா என்று பாருங்கள்; பிறகு ஊட்டச்சத்து அட்டவணையில் சர்க்கரைக்கு நேரே 0 இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு திறங்கள்.