நாங்கள் ஆண் இணையர். தீவுப் பயணத்துக்கு மாலத்தீவு நல்லதா, மொரீஷியஸ் நல்லதா?

தயங்காமல் மொரீஷியஸ் என்பேன். மாலத்தீவில் ஒருபாலுறவு குற்றம். 8 ஆண்டுகள் வரை சிறைக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. தனித்தீவு விடுதிகளில் யாரும் கண்டுகொள்வதில்லை என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் படகேறி மாலேயிலோ மக்கள் வாழும் வேறு தீவிலோ இறங்கினால், விடுதி ஊழியரின் புன்னகை உங்களுக்குத் துணை வராது. ஓய்வெடுக்கப் போன இடத்தில் கை கோக்கும்முன் சுற்றுமுற்றும் பார்ப்பது என்ன ஓய்வு?

மொரீஷியஸில் ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய பழைய சட்டப்பிரிவு செல்லாது என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செஷல்ஸ் 2016-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டது, அதையும் யோசிக்கலாம்.

முன்பதிவு செய்ததும் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இரண்டு ஆண்கள், ஒரே கட்டில் போதும்." நள்ளிரவில் பெட்டியோடு வரவேற்பு மேசை முன் நின்று, "கட்டிலைப் பிரித்துப் போடட்டுமா?" என்ற கேள்விக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. பதிலின் தொனியிலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

இந்த மூன்று நாடுகளிலுமே ஒருபால் திருமணத்துக்கு அங்கீகாரம் இல்லை. எனவே ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் மற்றவர் முடிவெடுக்கலாம் என்ற கையொப்பமிட்ட கடிதத்தைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.