காலைப் பிடிக்கும் வேலையா?

கேள்வி: அன்புள்ள அக்கா, தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் பாட்டிக்குத் துணையாகப் பலதுறை மருந்தகத்துக்குப் போனபோதுதான் ‘போடியாட்ரி’ என்று பாத மருத்துவத்துக்கே ஒரு படிப்பு இருப்பது தெரிந்தது. பாட்டியின் காலை அவர்கள் சோதித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வகுப்பில் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை, ஒரு தோழி ‘பீடியாட்ரிக்ஸ்’ என்று நினைத்து “குழந்தை டாக்டர்தானே?” என்றாள். அம்மாவோ, “கண்டவங்க காலைப் பிடிக்கவா உன்னை இவ்வளவு படிக்க வச்சேன்?” என்கிறார். யாருக்குமே தெரியாத வேலைக்குப் போவது சரியா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தங்கச்சி, உன் தோழிகள் இந்தப் படிப்பை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை, பார்த்ததே இல்லை. பல்வலி வராத வீடு கிடையாது, அதனால் பல் டாக்டரை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பாதத்தைப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்பது, வீட்டில் யாருக்காவது புண் வந்த பிறகுதான் தெரியவருகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

என் பெரியப்பாவுக்கு இனிப்புநீர். ஒரு தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு பால்குடம் எடுத்தார். வீட்டுக்கு வந்தபின் தரையில் ரத்தத்தைப் பார்த்து அலறியது பெரியம்மாதான். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. வலிக்காததால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு நாலு நாள் சும்மா இருந்துவிட்டார். கடைசியில் இரண்டு விரல் போயிற்று.

சர்க்கரை பல வருஷம் கட்டுப்படாமல் இருந்தால் கால் நரம்பு மரத்துப்போகும். ரத்த ஓட்டமும் குறையும். புண் வந்தால் தெரியாது, தெரிந்தாலும் சீக்கிரம் ஆறாது. உன் பாட்டியைக் கண்ணை மூடச் சொல்லி மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டிருப்பார்களே? அந்த இழை 10 கிராம் அழுத்தத்தில் வளையும். அதுகூட உணரவில்லை என்றால் அந்தக் காலுக்கு ஆபத்து என்று அர்த்தம். அப்புறம் டாப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்பார்கள். இறந்த தசையைக் கத்தியால் நீக்குவது, புண்மேல் உடல் பாரம் விழாதபடி செருப்பை மாற்றி அமைப்பது, சதைக்குள் வளரும் நகத்தை மரக்க ஊசி போட்டு எடுப்பது, எல்லாம் அவர்கள் வேலைதான். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அதனால் ஓட்டக்காரரின் குதிகால் வலியும் குழந்தையின் தட்டைப் பாதமும்கூட அவர்களிடம்தான் வரும்.

நம் சமூகத்துக்கு இது ரொம்ப நெருக்கமான விஷயம். 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார்: சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 10 பேரில் 6 பேருக்கு நீரிழிவு. அந்தத் தாத்தா பாட்டிகளில் பலர், “எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு”, “மெத்தைமேல நடக்குற மாதிரி இருக்கு” என்று தமிழில்தான் சொல்வார்கள். மொழிபெயர்த்துச் சொல்லும் பேரப்பிள்ளை அதை வெறும் ‘வலி’ என்று சொல்லிவிட்டால் பாதி விஷயம் தொலைந்துபோகும். கோயிலுக்குப் போகும்போது காலை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதையும், அந்தப் பக்தியைப் புரிந்தவர் சொன்னால்தான் அவர்கள் காதில் ஏறும். உன்னைப் போன்ற பிள்ளைகள் அங்கே வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

சரி, படிப்புக்கு வருவோம். இங்கே வேலை செய்பவர்களில் பலர் பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ படித்தவர்கள். இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டு, ஆஸ்திரேலியாவில் 4 ஆண்டு. செலவை நினைத்துப் பயப்படாதே. பொது மருத்துவமனைகளின் தாய் நிறுவனமான எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் வழங்கும் உபகாரச் சம்பளங்களை முதலில் பார். படித்து முடித்ததும் சில ஆண்டுகள் இங்குள்ள பொது மருத்துவத் துறையில் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் அதில் உண்டு. கையெழுத்துப் போடும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அதை வரிவரியாகப் படியுங்கள். எந்தப் பாடங்கள் தேவை என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்; உன் கல்லூரியின் கல்வி, வாழ்க்கைத்தொழில் ஆலோசகரை இந்த வாரமே போய்ப் பார்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அழுகிய புண்ணின் வாடை லேசில் மறக்காது. குனிந்து குனிந்து முதுகு வலிக்கும். ஒரே ஆள் மாதக்கணக்கில் அதே புண்ணோடு வருவார். இதற்கெல்லாம் மனம் ஒத்துக்கொள்கிறதா என்று உன்னையே கேட்டுக்கொள்.

அம்மாமேல் கோபப்படாதே. நம் ஊரில் காலைப் பிடிப்பது என்றால் கெஞ்சுவது என்று அர்த்தம். அவருக்கு அதுதான் வலிக்கிறது. வாதாட வேண்டாம். பாட்டியின் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. தன் தாயின் பாதத்தை ஒருவர் கையில் ஏந்தி, விரல் விரலாகப் பார்ப்பதை அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அதற்கப்புறம் பேசு.