“நீ இருக்க, எனக்கென்ன கவலை?”

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 33. மதுரையில் கணவர், நான்கு வயது மகள், மாமனார், மாமியார், கொழுந்தன் என்று ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். என் பிரச்சினையைச் சொன்னால் சிரிப்பீர்களோ என்று தயக்கமாக இருக்கிறது. வீட்டில் நல்ல காரியம் நடக்கப் போகிறது, எனக்கு மட்டும் எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

ஆவணியில் கொழுந்தனுக்குக் கல்யாணம். முகூர்த்தம் பெண் வீட்டார் பொறுப்பில் திருச்சியில். மூன்றாம் நாள் வரவேற்பு எங்கள் வீட்டில். நானூறு பேர் வருவார்கள் என்று மாமா சொல்கிறார். தெருவில் சாமியானா போட்டு, மொட்டை மாடியில் பந்தி வைத்து, பக்கத்துக் காலி மனையில் சமையல் கொட்டகை போடுவதாகத் திட்டம். மண்டப வாடகையைக் கேட்டுவிட்டு வந்த அன்று ராத்திரி அத்தை சொன்ன வார்த்தை இது: “எதுக்கு அவனுக்குக் கொண்டுபோய்க் கொட்டணும்? நம்ம வீடு இருக்கு. நீ இருக்க, எனக்கென்ன கவலை?”

அதைக் கேட்டு எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. செப்டம்பரில் எங்கள் ஆபீஸில் ஆடிட் வேலை தலைக்கு மேல் கிடக்கும். ஒரு வாரம் முன்பே வெளியூர்ச் சொந்தம் வந்து இறங்கும். காபி, பாய், தலையணை, குளிக்க வெந்நீர், குழந்தைகளுக்குப் பால் என்று எல்லாவற்றுக்கும் “மதினி எங்கே?” என்றுதான் தேடுவார்கள்.

ஆனால் என் எரிச்சலுக்குக் காரணம் வேலை மட்டும்தானா என்று எனக்கே சந்தேகம். எங்கள் கல்யாணம் 2020 ஆனியில் நடந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. அப்புறம் ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். மதுரையில் முழு ஊரடங்கு வேறு போட்டுவிட்டார்கள். ராஜபாளையத்திலிருந்து என் வீட்டு ஆட்கள் வர இ-பாஸ் வேண்டும். பதினோரு பேருக்குத்தான் கிடைத்தது. இதே வீட்டு ஹாலில், மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தாலி கட்டிக்கொண்டேன். என்னை வளர்த்த அம்மாச்சிக்கு வயதாகிவிட்டதால் அழைத்துவரப் பயந்தோம். அது போனில் பார்த்தது. வீடியோ நின்று நின்று வந்ததாம். ‘தாலி கட்டுறப்ப படம் ஆடாம நின்னுபோச்சுடி’ என்று பிறகு சொன்னது. அடுத்த வருடமே அம்மாச்சி போய்ச் சேர்ந்துவிட்டது. ‘எல்லாம் சரியானதும் வரவேற்பு வைக்கலாம்’ என்றார்கள். யாரும் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வரவேற்புக்கென்று எடுத்த பட்டுப்புடவை ஐந்து வருடமாக மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது. போன வாரம் அத்தை அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “சும்மாத்தானே கிடக்கு, இந்த விசேஷத்துக்குக் கட்டிக்கோயேன்” என்றார். பதில் வரவில்லை. துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய் அழுதேன்.

இன்னொன்றும் நடந்தது. 2020-ல் வராத சொந்தக்காரர்கள், “உங்க கல்யாணத்துக்கும் மொய், செய்முறை பாக்கி இருக்கு, இதுலயே சேர்த்துச் செஞ்சிடறோம்” என்கிறார்கள். “ஒரே சாப்பாட்டுல ரெண்டு கல்யாணம்” என்று மாமா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கணவரிடம் ஒரு தடவை ஆரம்பித்தேன். “ஊரே அப்படித்தான் இருந்துச்சு, உனக்கு மட்டுமா?” என்றதோடு பேச்சு முடிந்துவிட்டது.

கொழுந்தன் நல்ல பையன். வரப்போகிற பெண்ணையும் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியிருந்தும் பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. நான் பொறாமைக்காரியா? மண்டபத்தில் வைத்தால்தான் ஆச்சு என்று அடம்பிடிக்கலாமா? இல்லை, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளவா?

பெயர் வேண்டாம்,
மதுரை

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

சிரிக்கவில்லை. ‘நானும் சிரித்துவைத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உங்கள் மனதில் இரண்டு வழக்குகள் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்று, வரப்போகிற வேலை. இன்னொன்று, 2020-ல் நடக்காமல் போனது. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் பேசினால் இரண்டிலும் தோற்பீர்கள். ‘எனக்குத்தான் ஒண்ணுமே நடக்கல, இதுல வேலை வேற நான் பார்க்கணுமா’ என்று அலுப்பில் ஒருநாள் வெடித்தால், கேட்பவர் காதில் முன்பாதி மட்டும்தான் விழும். பொறாமை என்று பெயர் வைத்து விஷயத்தை மூடிவிடுவார்கள். வேலையைப் பேரம் பேசித் தீர்க்கலாம். மற்றது பேரத்துக்கு வராது. அதை உரியவரிடம் சொல்லத்தான் முடியும்.

முதலில் வேலை. மண்டபத்துக்காக அடம்பிடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஊரைக் கூப்பிடுவது உங்கள் மாமனார் மாமியாருக்குப் பெரிய ஆசையாக இருக்கலாம். அதில் தப்பும் இல்லை. ஆனால் ‘வீட்டில் வைத்தால் மிச்சம்’ என்கிற கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். உங்கள் தொழிலே அதுதானே. சாமியானா, நாற்காலி, பாத்திர வாடகை, சமையல் மாஸ்டர் கூலி, பரிமாறும் பையன்கள், ஜெனரேட்டர், தண்ணீர் லாரி எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டு சிலிண்டரை இதற்கு எடுக்கக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அது ஒரு வரி. தெருவை அடைக்கிற பந்தலுக்குக் காவல் நிலையத்திலும் மாநகராட்சியிலும் அனுமதி கேட்டு யார் அலைவது? அது இன்னொரு வரி.

அப்புறம் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். மாடியில் பந்திக்கு அறுபது பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொண்டால், நானூறு பேருக்கு ஏழு பந்தி. இலை எடுத்து, துடைத்து, மறுபடி இலை போட்டுப் பரிமாறி முடிக்க ஒரு பந்திக்கு முப்பத்தைந்து நிமிடம் என்றாலும் நான்கு மணி நேரம் ஆகிவிடும். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் கடைசிப் பந்தி எழும்போது பதினொன்று. அதற்குப் பிறகுதான் வீட்டு ஆட்கள் சாப்பிடுவார்கள். வயதானவர்கள் மாடிப்படி ஏறுவார்களா, வீட்டில் இருக்கும் கழிப்பறை நானூறு பேருக்குத் தாங்குமா, மறுநாள் காலையில் எச்சில் இலையை யார் அள்ளுவது என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு பெயர் வேண்டும். உங்கள் பெயரையே எல்லா வரியிலும் எழுத முடியாது என்பது அப்போது அவர்களுக்கே தெரியும்.

2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிப்பது தெரிந்தது. அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். விசேஷ வீட்டுக் கணக்கு அல்ல, பொதுவான சராசரியே இது. நீங்கள் இதற்கு மேல் ஆபீஸுக்கும் போய் வருகிறீர்கள்.

ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டாம். பொய் லீவுக் கதை ஒருநாள் வெளியே வரும். அதைவிட, உங்கள் வேலை எது என்று நீங்களே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிசையில் உங்கள் பெயரும் கணவர் பெயரும் அச்சாகப் போகிறது. வரவை விரும்புகிறவர் அடுப்படியில் நின்றால் எப்படி? சந்தனம், குங்குமத் தட்டோடு வாசலில் நிற்கப் போவது நானும் அவரும் என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சமையல் கொட்டகைப் பக்கம் நீங்கள் போகவே கூடாது. சமையல், பரிமாறுவது, கழுவுவது, மறுநாள் துப்புரவு நான்கையும் ஒரே ஆளிடம் காண்ட்ராக்டாக விடச் சொல்லுங்கள். மண்டப வாடகையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போகட்டும். வெளியூர்ச் சொந்தம் தங்குகிற வாரத்துக்குக் காலை டிபனும் காபியும் வெளியே சொல்லிவிடலாம். ஒரு வாரம் கடை இட்லி தின்றால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடாது.

அத்தையிடம் பேச நீளமான விளக்கம் வேண்டாம். “அத்தை, நான் இருக்கேன். எதுக்கு எதுக்கெல்லாம் இருக்கேன்னு இப்பவே பேசிக்குவோமா?” என்று ஆரம்பியுங்கள். அவர் சொன்ன வார்த்தையில் அதிகாரத்தைவிட நம்பிக்கைதான் கூடுதலாக இருந்ததாக எனக்குப் படுகிறது. இத்தனை வருடம் அவரும் யாருக்காவது ‘நீ இருக்க’ என்று சொல்லப்பட்டு ஓடியவராகத்தான் இருப்பார். அதனாலேயே நீங்களும் ஓட வேண்டும் என்று சட்டமில்லை.

ஒரு சின்ன விஷயம். விசேஷ வீட்டில் முதலில் பறிபோவது மருமகளின் அறைதான். நகை வைக்க, மணப்பெண் உடை மாற்ற, கைக்குழந்தைகளைத் தூங்கவைக்க என்று எல்லாவற்றுக்கும் அதையே கேட்பார்கள். உங்கள் அறைச் சாவி உங்களிடமே இருக்கட்டும். மகளுக்குத் தூங்க ஓர் இடம் வேண்டும், உங்களுக்குப் பத்து நிமிடம் காலை நீட்ட ஓர் இடம் வேண்டும்.

இனி 2020. ‘ஊரே அப்படித்தான் இருந்துச்சு’ என்பது உண்மை. அந்த உண்மையால்தான் உங்களுக்கு அழ இடமே கிடைக்காமல் போயிருக்கிறது. எத்தனையோ வீடுகளில் சாவே விழுந்த காலத்தில், வரவேற்பு நடக்கவில்லை என்று ஒரு பெண் எப்படி வாய் திறப்பாள்? சுற்றியிருப்பவர்கள் துக்கமென்றே ஒப்புக்கொள்ளாத துக்கம் எப்படி உள்ளேயே தங்கிவிடுகிறது என்பதைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களின் இறுதியிலேயே எழுதியிருக்கிறார். உங்களுடையதும் அந்த வகைதான். இப்போது அதே ஹாலில், அதே வீட்டில், ஐம்பதுக்குப் பதில் நானூறு பேர் வரப்போகிறார்கள். மனது கிளறிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெண் மேல் உங்களுக்குக் கோபம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கணவரிடம் மறுபடி பேசுங்கள். ‘எனக்கு ரிசப்ஷனே நடக்கல’ என்று தொடங்கினால் அவர் குற்றச்சாட்டாகக் கேட்டு, பழைய பதிலையே தருவார். அம்மாச்சியிலிருந்து தொடங்குங்கள். தாலி கட்டும்போது படம் நின்றுபோனதைச் சொல்லுங்கள். அதற்கு யாராலும் ‘உனக்கு மட்டுமா?’ என்று பதில் சொல்ல முடியாது. அப்புறம் அவரையும் கேளுங்கள். நடக்காமல் போனது அவருடைய வரவேற்பும்தானே. கூடப் படித்தவர்கள் ஒருவர்கூட வராமல் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவர் அவர். இந்த ஐந்து வருடத்தில் அவரிடம் யாராவது அதைக் கேட்டிருப்பார்களா? எதையும் உடனே சரிசெய்யச் சொல்ல வேண்டாம், முழுசாகக் கேட்டால் போதும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பாதியில் ‘சரி, அதே மேடையில நாமளும் ஏறி மாலை மாத்திக்கலாம்’ என்று ஏதாவது யோசனை சொல்வார். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அது கொழுந்தனுடைய நாள். அதில் ஒட்டுப்போட்டால் யாருக்கும் நிறைவிருக்காது. ராஜபாளையத்தில் அன்று வர முடியாமல் போனவர்களை மட்டும் அழைத்து, வேறொரு மாதம் ஒரு மதியச் சாப்பாடு போட முடிந்தால் அது உங்களுடையதாக இருக்கும்.

புடவை விஷயத்தில் அத்தை மனதில் கெட்டது எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அதற்காக அன்று நீங்கள் அதைக் கட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. “அது எனக்குன்னு வச்சிருக்கேன் அத்தை, இதுக்கு வேற கட்டிக்கிறேன்” என்று சொன்னால் போதும்.

தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால், சாப்பாடும் பிடிக்காமல் போனால், விசேஷம் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

செய்முறை விஷயத்தில் மட்டும் நான் உங்கள் மாமனாரோடு சேர்ந்து சிரிக்க மாட்டேன். உங்கள் கல்யாணத்துக்கென்று ஒருவர் எழுதும் மொய்யை நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யப் போவது நீங்களும் உங்கள் கணவரும்தான். கொழுந்தன் கணக்கில் கலந்து எழுதிவிட்டால், எது யாருக்கு வந்தது என்பதே தெரியாமல் பின்னால் ஓரகத்திகள் இருவருக்கும் நடுவே மனக்கசப்பு வரும். உங்கள் பெயரில் வருவதைத் தனியாக எழுதச் சொல்வது கணக்குத் தெரிந்த யாரும் கேட்கக்கூடியதுதான். கம்ப்யூட்டர் மொய்க்காரரை ஏற்பாடு செய்யும் அன்றே மாமாவிடம் இதைப் பேசிவிடுங்கள். இரண்டு தலைப்பில் தனித்தனி ரசீது அடிக்கச் சொன்னால் அவர்களே அடித்துக் கொடுப்பார்கள்.