இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்: என் சின்னத் திகில் கதையை வாசித்தவர்கள் என்ன செய்தார்கள்?

"சிறிய ஊடாடும் திகில் கதை எழுதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வாசித்தவர்கள் உண்மையிலேயே பயந்தார்களா, எப்படி எதிர்வினை காட்டினார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதியிருக்கிறேன். பயந்தார்கள். எந்த இடத்தில் பயந்தார்கள் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறியது. வயது, வளர்ந்த இடம், எந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்தது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பூட்டிக் கிடக்கும் அம்மம்மாவின் வீடு. வளவை விற்கப் போகிறார்கள். சாமான்களை ஒதுக்குவதற்காக நீங்கள் கொழும்பிலிருந்து வந்து ஓரிரவு தங்குகிறீர்கள். கரண்ட் போகிறது. கொஞ்ச நேரத்தில் படலையடியில், அதாவது வளவு வாசல் கதவடியில், நின்று யாரோ உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். குரல் அம்மம்மாவுடையது. அம்மம்மா செத்து வருசக்கணக்காகிறது. அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு திரையிலும் நாலைந்து வரி, கீழே இரண்டு மூன்று தெரிவுகள். எதைத் தொடுகிறீர்களோ அந்தப் பக்கம் கதை போகும். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதைச் செய்தது ட்வைன் என்ற இலவச மென்பொருளில். கிறிஸ் கிளைமஸ் என்பவர் 2009இல் வெளியிட்டது. தமிழில் எழுத விரும்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். 1976இல் வில் குரோதர் உருவாக்கிய, எழுத்திலேயே ஓடும் குகைக் கணினி விளையாட்டில் தொடங்கிய பழைய மரபில், வாசகர் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். தமிழில் ஒருவர் "கதவைத் திற" என்பார், இன்னொருவர் "கதவ திற" என்பார், மூன்றாமவர் "திறக்கிறன்" என்பார். அத்தனையையும் கணினிக்கு விளங்கவைப்பது பெரிய வேலை. ட்வைனில் வாசகர் இணைப்பைத் தொட்டால் போதும். முடித்த கதை ஒரே ஒரு கோப்பாக வரும், எந்த உலாவியிலும் திறக்கும். நான் வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பினேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் போனையே கொடுத்து, விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கதையின் தொடக்கத்தில் ஒரு கேள்வி வரும்: "வீட்டில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?" குஞ்சு, ராசா, பேபி என்று ஏதாவது எழுதிவிட்டு எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். பத்துத் திரை தாண்டி, இருட்டில், அதே செல்லப் பெயர் படலையடியிலிருந்து வரும்: "மோனை குஞ்சு, படலை கொழுவியிருக்கு. வந்து திற." சத்தம் இல்லை, படம் இல்லை, வெறும் எழுத்து. ஆனாலும் அந்தத் திரையில் கிட்டத்தட்ட எல்லோரும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்கள். செல்லப் பெயர் சொந்தக்காரர் வாயில் மட்டும் வருவது, அதனால் அது கதைக்குள்ளிருந்து வரும்போது ஒரு திடுக்கம் இருக்கத்தான் செய்யும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கீழே இரண்டு தெரிவு: "பதில் சொல்", "பேசாமல் இரு". இங்கே யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் அனேகமாக எல்லோரும் "பேசாமல் இரு" என்பதைத்தான் தொட்டார்கள். மறுபடி கூப்பிடும். மறுபடியும் பேசாமல் இருப்பார்கள். இராத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை குரல் கொடுக்கக் கூடாது, பேய் மூன்று தரம் கூப்பிடாது என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். கதையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர்களாகவே அந்த விதியோடு வந்தார்கள். அதனால் கதையில் அது மூன்றாம் தரமும் கூப்பிடும். அந்த இடத்தில் எங்கள் தெருப் பெடியன் ஒருவன் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, "இல்லை அண்ணை, இது சரியில்லை, மூண்டு தரம் கூப்பிடாது" என்று எழும்பி நின்றான். பேய் விதியை மீறியதுதான் அவனைப் பயப்படுத்தியது.

டொரொண்டோவில் பிறந்து வளர்ந்த என் மச்சாள் முதல் கூப்பிடலுக்கே பதில் சொல்லி, படலையைத் திறந்து, இரண்டு நிமிடத்தில் கதையை முடித்துவிட்டாள். "நல்லாயிருந்தது, ஆனா பயமாயில்லை" என்று குரல் பதிவு வந்தது. அவள் சொன்னது நியாயம்தான். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் அந்த மூன்று தரக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு தன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்ப வாசித்தாளாம். இந்த முறை மூன்றாவது கூப்பிடலில் நின்றுவிட்டு என்னை அழைத்து, மேலே போகலாமா என்று கேட்டாள்.

இன்னொரு எதிர்வினை இருக்கிறது. திகில் கதை எழுத நினைக்கிற எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மம்மாவின் குரலைப் பொருட்படுத்தாமல் விட்டால், கதை வேறு பக்கம் போகும். ஒழுங்கையில் நாய்கள் குரைக்கும். ஒவ்வொரு வீடாகக் குரைப்பு கிட்ட வரும். பிறகு எல்லாம் ஒரேயடியாக நிற்கும். என் பெரியம்மா அந்தத் திரையில் போனை மடியில் வைத்துவிட்டார். முகத்தில் பேய்க்கதை கேட்கிற பயம் இல்லை. "அப்ப நாய் குலைச்சால் நாங்கள் முதல் விளக்கைத்தான் நூப்பம் பிள்ளை" என்றார். அதற்கு மேல் கதையை வாசிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அன்று பின்னேரம் முழுக்க அவர் கதைத்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது, மண்ணெண்ணெய்க்குத் தடை, ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சொட்டு எண்ணெயில் எரித்த விளக்கு, 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் செம்மணி வழியே இடம்பெயர்ந்து போன சனம். எல்லாம் ஒரு நாய்க் குரைப்பிலிருந்து வந்தது.

அவர் வயதுக்காரருக்கு இருட்டு பயமில்லை, வெளிச்சம்தான் பயம். இருட்டில் ஒளிந்து உயிர் தப்பியவர்களிடம் கரண்ட் போனதாகச் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அதே கதையில், படலையடியில் ஒரு ரோச் வெளிச்சம் அசைகிறது என்ற ஒற்றை வரியில் வேறொரு மாமியின் கை நடுங்கியதைப் பார்த்தேன். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தைத்தான் இருட்டென்று தெரிந்த பிள்ளைகளுக்கு இது விளங்காது. போன் சார்ஜ் குறைகிறது என்ற வரியில்தான் அவர்கள் நெளிந்தார்கள்.

நாய்க் காட்சியை நான் எடுக்கவில்லை. கதையின் முதல் திரையில், இரவில் வீட்டுக்கு ஆட்கள் வருவதும் நாய்கள் குரைப்பதும் இதில் வரும், வேண்டாமென்றால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று எழுதி, அதற்கும் ஒரு தெரிவு வைத்தேன். வழக்கமான அச்சுக் கதையில் இப்படி ஒரு வழி விடுவது கஷ்டம். இந்த வடிவத்தில் முடியும், எனவே விடவேண்டும் என்பது என் கருத்து. பொழுதுபோக்காக வாசிக்க உட்கார்ந்தவரை அந்த நாட்களுக்கு இழுத்துக்கொண்டு போக எனக்கு உரிமை இல்லை.

பள்ளிக்கூடப் பெடியள் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களின் முதல் கேள்வி, "எத்தனை முடிவு இருக்கு?" அப்புறம் ஒரு போனைச் சுற்றி நாலு பேர் இருந்து ஒவ்வொரு முடிவாகத் தேடுவார்கள். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது பயம் போய்விடும், ஆனால் சண்டை பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள், அதுவும் எனக்குச் சந்தோசம்தான். ட்வைனின் வழக்கமான வடிவத்தில் ஓரத்தில் பின்னோக்கிப் போகும் அம்பு ஒன்று இருக்கும். அது இருந்தால் படலையைத் திறந்தவர் உடனே மூடிவிடுவார், பிறகென்ன பயம்? அதை மறைத்துவிட்டேன். முறைப்பாடு வந்தது. ஆனால் அம்பு போனபிறகு வாசித்தவர்கள் ஒவ்வொரு தெரிவிலும் யோசித்து நின்றார்கள்.

இப்போது அந்தப் பெடியள் அடுத்த கதையைப் புத்தூர் நிலாவரைக் கிணற்றில் வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்பதால் இறங்க இறங்கத் தெரிவுகளை மாற்றலாமாம். நல்ல யோசனை, எழுதிக்கொண்டிருக்கிறேன்.