ஆறு கொல்லையில் ஓடினாலும் குளத்துக்கே போங்கள்

கேள்வி: வயது 38. பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளி ஆசிரியை. பிப்ரவரிக் கடைசியில் நடக்கும் ஓர் ஒலிம்பிக் தூர டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) பெயர் கொடுத்துவிட்டேன். இணையத்தில் கிடைத்த அட்டவணைப்படி ஆகஸ்டில் ஆரம்பித்தேன். வாரத்துக்குப் பதினொரு பயிற்சி. மூன்றாவது வாரமே முழங்காலில் முன்பக்கம் வலி, வகுப்பில் கண் சொருகுகிறது. தஞ்சாவூர் நீச்சல் குளத்துக்கு வாரம் இரண்டு தடவைதான் போக முடிகிறது. குடமுருட்டி எங்கள் கொல்லைப்புறம்தான் ஓடுகிறது; சிறு வயதில் அதில்தான் நீந்தப் பழகினேன். மற்ற நாட்களில் அதில் நீந்தலாமா? வாரத்தை எப்படிப் பிரிப்பது? புது சைக்கிள் வாங்கியே ஆக வேண்டுமா?
- ஓர் ஆசிரியை, பாபநாசம் வட்டம்

பதில்: முதலில் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள், டீச்சர். காலையில் பயிற்சி, மதியம் தூக்கம், சாயங்காலம் மறுபடி பயிற்சி என்று இருக்க முடிகிறவர்களுக்காக எழுதியது அது. ஒன்பது மணிக்குப் பிரேயரில் நிற்க வேண்டிய உங்களுக்கு வாரம் ஆறு பயிற்சி, ஏறக்குறைய ஆறரை மணி நேரம் போதும். மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷம் வாய்க்கால்களுக்கு முறை வைத்துத்தானே விடுகிறார்கள்? எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் விட்டால் கடைமடைக்கு ஒன்றும் போய்ச் சேராது. உங்கள் நேரமும் அப்படித்தான்.

நீங்கள் போகிற தூரம் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். முதல் தடவை என்பதால் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் நீச்சல் நாற்பது நிமிடம்தான். பாதி நேரம் சைக்கிளில் போகும். ஆனால் பயம் நீச்சலில், காயம் ஓட்டத்தில். அதனால் சைக்கிளுக்கு நேரத்தைக் கொடுங்கள், நீச்சலுக்குத் தவறாத நாட்களைக் கொடுங்கள், ஓட்டத்தை அடக்கி வையுங்கள்.

வாரத்தில் முதலில் குறிக்க வேண்டியவை குளத்து நாட்கள். பள்ளி விட்டு ரயிலேறிப் போக புதன், அப்புறம் சனி காலை. கல்யாணம், காதுகுத்து எது வந்தாலும் இந்த இரண்டில் ஒன்றாவது நிற்க வேண்டும். ஞாயிறு விடியலில் நீண்ட சைக்கிள்: இப்போது ஒன்றரை மணி, ஜனவரிக்குள் இரண்டரை. இறங்கியதும் ஷூவை மாற்றிக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் ஓடுங்கள். இதற்கு ‘பிரிக்’ என்று பெயர். முதல் சில தடவை கால் உங்களுடையதா என்றே சந்தேகம் வரும். போட்டியன்று அந்தச் சந்தேகம் வராமலிருக்கத்தான் இது. திங்கள் முழு ஓய்வு. செவ்வாய் முக்கால் மணி ஓட்டம். வியாழன் ஒரு மணி நேரம் சைக்கிள், நடுவில் ஆறு நிமிடம் அழுத்தி மிதித்து மூன்று நிமிடம் விடுவது, நான்கு தடவை. வெள்ளி நாற்பது நிமிடம் மெதுவோட்டம். வலி போன பிறகு இதையே கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுபோகலாம்.

மெது என்றால் நிஜமாகவே மெது. பக்கத்தில் வருகிறவரிடம் மூச்சு அறுபடாமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். வாரத்தில் மூச்சிரைக்கிற நாள் இரண்டே இரண்டு: வியாழன் சைக்கிள், செவ்வாய் ஓட்டத்தின் நடுப்பகுதி. செவ்வாயில் அந்த வேகமும் முழங்கால் தேறும் வரை வேண்டாம். மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். அரையாண்டுத் தேர்வுத் திருத்தம் அந்த வாரத்தில் விழுமாறு எண்ணிக்கொண்டால் இன்னும் நல்லது. தவறிப்போன பயிற்சியை மறுநாள் சேர்த்துச் செய்யாதீர்கள், போனது போனதுதான்.

இனி ஆறு. வேண்டாம். நீந்தத் தெரியாதவர்கள் மட்டும்தான் ஆற்றில் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறதென்று மேலிருந்து தெரியாது. மேலே கதவணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. மதகை ஒட்டிய சுழல் நல்ல நீச்சல்காரரையும் உள்ளே இழுக்கும். அக்டோபரிலிருந்து மழைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். பயிற்சி என்ற கணக்கிலும் லாபமில்லை: ஓட்டத்தோடு போனால் இல்லாத வேகம் இருப்பதுபோல் தெரியும், எதிர்த்துப் போனால் இருந்த இடத்திலேயே கையடிப்பீர்கள்.

ஆற்றில் பழகியவர்களிடம் இன்னொன்றும் உண்டு: தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவார்கள். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும், பாதி பலம் அதிலேயே தீரும். எனவே புதன்கிழமையைத் திருத்தத்துக்கு ஒதுக்குங்கள். முகம் தண்ணீருக்குள், பார்வை தரையில், மூச்சை உள்ளேயே முழுக்க விட்டுவிட்டு பக்கவாட்டில் திரும்பி இழுப்பது. ஐம்பது ஐம்பது மீட்டராக, நடுவில் இருபது விநாடி நின்று. சனிக்கிழமை தூரத்துக்கு: நூறு மீட்டர் எட்டில் தொடங்கி டிசம்பருக்குள் பதினைந்து. ஜனவரியில் சுவரை உதைக்காமல் திரும்பவும், எட்டுப் பத்துக் கைக்கு ஒரு தரம் கண்ணை மட்டும் மேலே கொண்டுவந்து திசை பார்க்கவும் பழகுங்கள். போட்டிக்கு முன் ஒரு தடவையாவது பயிற்சியாளரும் காப்புப் படகும் உள்ள திறந்த நீரில் நீந்திவிடுங்கள். நாகப்பட்டினம் கடலில் தனியாக இறங்குவது அந்தக் கணக்கில் சேராது.

முழங்கால் முன்பக்க வலிக்குத் தாழ்ந்த சீட்டும் ஒரு காரணமாக இருக்கலாம். சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கிப் பாருங்கள். கால் நேராக வர வேண்டும். மடங்கியே இருந்தால் சீட்டை ஏற்றுங்கள். வீக்கம் இருந்தாலோ, நொண்டி நடக்க வேண்டியிருந்தாலோ அது சீட்டு விஷயமில்லை, பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். கண் சொருகுவதற்குத் தூக்கக் குறைவே போதுமான காரணம். ஆனாலும் ரத்தத்தில் ஹீமோகுளோபினும், இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நெடுந்தூரம் ஓடும் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது சகஜம்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கும்பகோணம் - தஞ்சாவூர் பெரிய ரோடு வேண்டாம். கபிஸ்தலம் போய் காவிரியை ஒட்டித் திருவையாறு பக்கம் திரும்புங்கள், நிழலும் உண்டு. ஜனவரியில் தியாகராஜ ஆராதனை நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் கூட்டமாக இருக்கும். நம் ஊரில் மேடே இல்லையே என்று கவலை வேண்டாம், எதிர்காற்று இருக்கிறது. தை மாதம் சம்பா அறுப்பு வந்ததும் ரோட்டில் நெல் காயும், அறுவடை மெஷின் சேற்றை இறைத்துவிட்டுப் போகும். அதில் பிரேக்கைப் பிடித்தால் விழுவீர்கள். நெல்லைப் பார்த்ததும் வேகத்தை விட்டுவிடுங்கள். விடிவதற்கு முன் தனியாகப் போகாமல், சிவப்பு விளக்கு போட்டு, யாராவது ஒருவரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். நாய்த் தொல்லைக்கும் அதுதான் வழி.

கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம். ஒன்றரை மணிக்கு மேல் போகிற நாளில் பாட்டிலில் உப்புப் போட்ட நீராகாரம், பாக்கெட்டில் கடலை மிட்டாய். கடையில் விற்கும் எனர்ஜி ஜெல்லைவிட இது மட்டமில்லை.

புது சைக்கிள் தேவையில்லை. கியர் சரியாக விழுந்து, டயர் நல்லதாக இருந்தால் 40 கி.மீ.க்கு இருக்கிறதே போதும். செலவழித்தே ஆக வேண்டும் என்றால், பின்சக்கரத்தை மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதிக்கிற டிரெய்னர் ஒன்று பழையதாகக் கிடைத்தால் வாங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உங்கள் வியாழக்கிழமைகளில் பாதி மழையில் போகும்; திண்ணையில் அதைப் போட்டு மிதிக்கலாம்.