கால்நடை ரத்தமும் உறுப்பும்: நோய், நஞ்சு கண்டறிதல் குறித்த கேள்வி பதில்

விலங்குகளின் ரத்தம், சிறுநீர், உறுப்புத் துண்டுகள் ஆகியவற்றில் நோயையும் நஞ்சையும் கண்டறிவது பற்றி வந்த கேள்விகள் இவை. நாய் வளர்ப்பவர்கள், ஆடு மாடு வைத்திருப்பவர்கள், ஆய்வகப் பணியாளர்கள், மாணவர்கள் எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: என் நாய்க்கு 9 வயது. தோல் அரிப்புக்கு மூன்று வாரமாக பிரட்னிசோலோன் கொடுக்கிறோம். ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.பி 980 என்று வந்திருக்கிறது, ஏ.எல்.டி கொஞ்சம்தான் கூட. கல்லீரல் கெட்டுவிட்டதா?

பதில்: அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஏ.எல்.பி, ஏ.எல்.டி இரண்டும் ரத்தத்தில் அளக்கும் கல்லீரல் நொதிகள்; பிரட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு உடலில் ஏறினால் நாயின் கல்லீரல் தனி வகை ஏ.எல்.பி ஒன்றை உண்டாக்கும். இது நாய்க்கு மட்டுமே உள்ள குணம். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபினோபார்பிட்டாலும் ஏ.எல்.பி-யை உயர்த்தும். கல்லீரல் செல்கள் உடைந்து கசிவதைக் காட்டுவது ஏ.எல்.டி, அது லேசாகத்தான் ஏறியிருக்கிறது.

கல்லீரல் வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு அல்புமின், யூரியா, குளுக்கோஸ், பிலிருபின் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ரத்தத்தில் பித்த அமிலம் பாருங்கள்: 12 மணி நேரம் பட்டினி போட்டு ஒரு முறை, உணவு கொடுத்து 2 மணி நேரம் கழித்து ஒரு முறை. ஸ்டீராய்டை நிறுத்தினாலும் ஏ.எல்.பி இறங்கப் பல வாரம் ஆகலாம். எண்ணைப் பார்த்துப் பயந்து மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மருந்தே கொடுக்காத நாயில் இதே அளவு வந்தால் குஷிங் நோயை (உடலே ஸ்டீராய்டை அதிகமாகச் சுரக்கும் நோய்) தேட வேண்டியிருக்கும்.

பூனை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாயின் ரத்தத்தில் ஏ.எல்.பி பாதியாகக் குறைய ஏறக்குறைய 3 நாள் ஆகும். பூனையில் சுமார் 6 மணி நேரம்தான். ஆகவே பூனையில் ஏ.எல்.பி கொஞ்சம் ஏறியிருந்தாலும் அலட்சியம் கூடாது.

கேள்வி: கால்நடை மருத்துவ மாணவி. கன்று ஈன்ற பிறகு எழுந்திருக்க முடியாத பசு. ஏ.எல்.டி இயல்பு, ஏ.எஸ்.டி என்ற நொதி இயல்பைப்போல் 5 மடங்கு. கல்லீரல் நோயைத் தள்ளிவிடலாமா?

பதில்: ஏ.எல்.டி-யை வைத்துத் தள்ள முடியாது. மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றின் கல்லீரல் செல்லில் ஏ.எல்.டி மிகக் குறைவு. கல்லீரல் அழுகிப் போயிருந்தாலும் அது ஏறாமல் இருக்கும். இவற்றுக்கு ஜி.எல்.டி.எச், எஸ்.டி.எச், ஜி.ஜி.டி என்ற கல்லீரல் நொதிகள் மூன்றும்தான் பொருத்தம். எஸ்.டி.எச் நிலையற்றது, மாதிரி நெடுந்தூரம் போக வேண்டுமென்றால் அதை நம்பாதீர்கள்.

ஏ.எஸ்.டி தசையிலும் உண்டு, கல்லீரலிலும் உண்டு. அதனால் அதன் பக்கத்தில் சி.கே என்ற நொதியின் அளவும் எப்போதும் இருக்க வேண்டும். சி.கே தசையிலிருந்து வருவது. ரத்தத்தில் ஏறிய சில மணி நேரத்திலேயே இறங்கத் தொடங்கும். ஏ.எஸ்.டி பல நாள் நிற்கும். இரண்டும் உயரமாக இருந்தால் தசை இன்னும் நசுங்கிக்கொண்டிருக்கிறது: ஒரே பக்கம் படுத்திருக்கிறது, தரை கெட்டியாக இருக்கிறது, புரட்டிப் போடவில்லை. சி.கே இறங்கி ஏ.எஸ்.டி மட்டும் நின்றால், ஒன்று காயம் பழையது, அல்லது ஏ.எஸ்.டி கல்லீரலிலிருந்து வருகிறது. ஜி.எல்.டி.எச் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் சி.கே எடுத்துப் பார்ப்பது, அந்தப் பசு எழுமா என்று கணிக்க ஒரே ஒரு எண்ணைவிட எவ்வளவோ மேல்.

தசையில் போட்ட ஊசியும் சி.கே-யை ஏற்றும். முதலில் ரத்தம், பிறகு ஊசி. கால்சியம் பார்க்கவும் அதே வரிசைதான். கால்சியம் பாட்டில் ஏற்றிய பிறகு எடுத்த ரத்தத்தில் அதைப் பார்த்து எந்தப் பயனும் இல்லை.

கேள்வி: பூனைக்கு கிரியாட்டினின் சரியாக இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. சிறுநீரகத் திறனில் ஏறக்குறைய 75 சதவீதம் போன பிறகுதான் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் எல்லையைத் தாண்டும். எஸ்.டி.எம்.ஏ என்ற இன்னொரு ரத்தச் சோதனை சுமார் 40 சதவீத இழப்பிலேயே காட்டத் தொடங்கும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவதால், மெலிந்துபோன கிழட்டுப் பூனையில் அது நம்மை ஏமாற்றும். செலவு குறைந்த நல்ல சோதனை சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது அது எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பது. உடலில் நீர் வற்றிய பூனையில் 1.035-க்குக் கீழே இருந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்கலாம். நாய்க்கு அந்த எல்லை 1.030. டிரிப்ஸ் போடுவதற்கு முன்பே சிறுநீரை எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: செம்மறி ஆடுகளுக்குச் சில மாதமாக மாட்டுத் தீவனம் கொடுத்தோம். இரண்டு ஆடுகள் திடீரென்று மஞ்சளாகி, காபி நிறத்தில் சிறுநீர் போய்ச் செத்துவிட்டன. மற்ற ஆடுகளின் ரத்தத்தில் தாமிரம் பார்த்தோம், சரியாக இருக்கிறது. இனிப் பயமில்லையா?

பதில்: ரத்தத் தாமிரம் சரி என்பது இங்கே எந்த உத்தரவாதமும் தராது. இதைக் கவனமாகப் படியுங்கள்.

மாட்டுக்குச் சரியான தாமிர அளவு செம்மறிக்கு அதிகம். செம்மறியால் தாமிரத்தைப் பித்தத்தின் வழியாகப் போதிய அளவு வெளியேற்ற முடியாது, கல்லீரலில் சேர்த்துக்கொண்டே போகும். சேரும் மாதங்களில் ரத்த அளவு இயல்பாகவே இருக்கும், ஆடும் நன்றாக மேயும். ஒருநாள் லாரிப் பயணம், மழை, தீவன மாற்றம் என்று ஏதோ ஒரு அதிர்ச்சி வரும்போது கல்லீரல் தாமிரத்தை ரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடையும். அந்த நேரத்தில்தான் ரத்தத் தாமிரம், வழக்கமான 1 பி.பி.எம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவிலிருந்து 5 முதல் 20 வரை ஏறும். உங்கள் இரண்டு ஆடுகளுக்கும் நடந்தது இதுவாகவே தெரிகிறது.

மிச்ச ஆடுகளில் ஏ.எஸ்.டி, ஜி.ஜி.டி பாருங்கள். ரத்தம் உடைவதற்கு முன்பே இவை உயரத் தொடங்கும். எந்த ஆடு விளிம்பில் நிற்கிறது என்று இவற்றால் ஓரளவு பிரிக்கலாம்.

செத்த ஆட்டில் கல்லீரலை மட்டும் அனுப்பாதீர்கள், சிறுநீரகமும் சேர்ந்து போகட்டும். கொட்டித் தீர்ந்த கல்லீரலில் அளவு இறங்கியிருக்கலாம், சிறுநீரகத்தில் அது தங்கியிருக்கும். வெட்டும்போதே சிறுநீரகம் துப்பாக்கி இரும்பைப் போலக் கருநீலமாக இருந்தால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். கல்லீரலில் ஈர எடை கணக்கில் 150 பி.பி.எம்-க்கு மேல் இருந்தால் அது பொருட்படுத்த வேண்டிய அளவு. சில ஆய்வகங்கள் உலர் எடையில் தருவார்கள், அது ஏறக்குறைய மூன்றரை மடங்காகத் தெரியும். எந்த எடை என்று கேட்காமல் எண்ணை ஒப்பிட வேண்டாம்.

மாட்டுத் தீவனத்தை இன்றே நிறுத்துங்கள். ஆடுகளை விரட்டாதீர்கள், ஏற்றி இறக்காதீர்கள், மயிர் கத்தரிப்பதையும் தள்ளிப்போடுங்கள். அம்மோனியம் மாலிப்டேட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும் வாய்வழி கொடுக்கும் முறை உண்டு. ஆட்டின் எடை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். தீவனம் நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்குச் சாவு நடக்கலாம்; சேர்ந்த தாமிரம் உடனே போய்விடாது.

கேள்வி: பூச்சிமருந்தால் மாடு செத்ததாகச் சந்தேகம். என்ன எடுத்து, எப்படி அனுப்புவது?

பதில்: ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் ஆகிய இரு வகைப் பூச்சிமருந்துகளும் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதியைக் கட்டிப்போடுகின்றன. செத்த விலங்கில் அதை அளக்கச் சிறந்த இடம் மூளை. மூளையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை உறைய வையுங்கள், மறுபாதியைத் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடுங்கள். குறுக்கே வெட்டி ஒரு துண்டை எடுக்கக் கூடாது. மூளையில் இடத்துக்கு இடம் இந்த நொதியின் அளவு மாறும், ஒப்பிடும் மூளையில் அதே இடம் வேண்டும். அதே இனத்தின் இயல்பளவில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் சாவுக்கு அதுதான் காரணம் என்று சொல்லலாம்.

உயிரோடு இருக்கும் மாட்டுக்கு முழு ரத்தம் வேண்டும், ரத்தம் கட்டாமல் வைக்கும் ஹெப்பாரின் குழாயில், ஐஸில், ஃப்ரீசரில் அல்ல. உறைய வைக்கக் கூடாது. அசைபோடும் விலங்குகளில் இந்த நொதி பெரும்பாலும் சிவப்பணுவில்தான் இருக்கிறது, சீரம் (அணுக்கள் நீக்கிய ரத்த நீர்) அனுப்பினால் வீண். முறிவு மருந்தான அட்ரோபின் போட்டது அளவை மாற்றாது. நொதியை விடுவிக்கும் மருந்தான பிராலிடாக்ஸிம் மாற்றும், அதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள்.

கார்பமேட்டில் ஒரு சிக்கல். அந்தப் பிடி தானாகவே விட்டுப்போகும். வெயிலில் கிடந்த உடலில் நொதி மறுபடி உயிர்பெற்று இயல்பாகக்கூடக் காட்டும். அதனால் நொதி சரி என்று வந்தாலும் கதை முடியவில்லை. இரைப்பை உள்ளடக்கம் அரை கிலோ, கல்லீரல் 100 கிராம், சிறுநீரகம் 100 கிராம், தனித்தனி உறைகளில், உறைந்த நிலையில் போக வேண்டும். நஞ்சைத் தேடும் துண்டு எதையும் ஃபார்மலினில் போடக் கூடாது. திசு அமைப்பைப் பார்க்கும் துண்டுகளை மாறாக உறைய வைக்கக் கூடாது. அவை 1 செ.மீ கனத்துக்குள் இருக்க வேண்டும், ஃபார்மலின் துண்டின் அளவைப்போல் பத்து மடங்கு. பெரிய கல்லீரல் துண்டை அப்படியே பாட்டிலில் திணித்தால் வெளிப்புறம் மட்டும் கெட்டியாகி உள்ளே அழுகிப்போகும்.

அதே கேள்வியாளர்: நைட்ரேட் நஞ்சாக இருந்தால்?

பதில்: கண்ணை அனுப்புங்கள். கண்ணின் முன்னறை நீரில் நைட்ரேட் ரத்தத்தில் நிற்பதைவிட நெடுநேரம் நிலைத்திருக்கும். சாக்லேட் நிற ரத்தம் செத்த புதிதில் நல்ல அடையாளம், நேரம் போனால் மங்கிவிடும். இளஞ்சோளம் மேய்ந்த மாடு என்றால் சயனைடையும் நினைக்க வேண்டும். அது ஆவியாகிப் போகும் பொருள். வயிற்று உள்ளடக்கம், கல்லீரல், தசை மூன்றையும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து உடனே உறைய வையுங்கள்.

கேள்வி: கன்றுக்குட்டி பழைய பேட்டரியை நக்கியது. ஈயம் பார்க்க சீரம் போதுமா?

பதில்: போதாது. ரத்தத்தில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சிவப்பணுவில் இருக்கிறது. சீரத்தைப் பிரித்தால் தேடும் பொருளையே எறிந்துவிடுகிறீர்கள். முழு ரத்தம் அனுப்புங்கள். 0.35 பி.பி.எம் என்பது ஈய நஞ்சுக்கு ஒத்துப்போகும் அளவு. கல்லீரலிலும் சிறுநீரகப் புறணியிலும் 10 பி.பி.எம். அறிகுறி இல்லாத மற்ற கன்றுகளையும் சோதியுங்கள், அதே குப்பையை அவையும் நக்கியிருக்கும்.

கேள்வி: நாய் நேற்று எலி மருந்து தின்றுவிட்டது, ரத்தம் உறையாமல் செய்யும் வகை. இன்று பி.டி சோதனை (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) இயல்பு. தப்பித்துவிட்டதா?

பதில்: இன்னும் இல்லை. அந்த மருந்து ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் உறைதல் காரணிகளைத் தொடாது, புதிதாக உருவாவதைத்தான் தடுக்கும். இருப்பில் முதலில் தீர்வது 7-ஆம் காரணி. அதனால்தான் பி.டி முதலில் நீளும், அதுவும் தின்று 48 முதல் 72 மணி நேரத்தில். ஒன்று, இப்போதே வைட்டமின் கே1 தொடங்க வேண்டும். அல்லது 48, 72 மணி நேரத்தில் மறுபடி பி.டி பார்க்க வேண்டும். இரண்டையும் கலந்தால் சோதனைக்குப் பொருளில்லை, ஏனென்றால் கே1 பி.டி-யைச் சரியாக்கிக் காட்டும். சிகிச்சை முடித்த நாளிலிருந்து 48–72 மணி நேரம் கழித்து ஒரு முறை கட்டாயம் பாருங்கள். வைட்டமின் கே3 இதற்கு உதவாது.

பி.டி-க்கு எடுக்கும் சிட்ரேட் குழாயில் ரத்தம் 9 பங்கு, சிட்ரேட் 1 பங்கு. கோடு வரை நிரம்பாத குழாயில் பி.டி பொய்யாக நீளும்.

கேள்வி: ஆய்வகப் பணியாளர். நன்றாக நடந்துவரும் நாய்க்குப் பொட்டாசியம் 14, கால்சியம் 3 என்று வருகிறது. எப்படிச் சாத்தியம்?

பதில்: ஊதா மூடிக் குழாயிலிருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ கலந்த ரத்தம் அது. இடிடிஏ பொட்டாசியம் உப்பு, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏ.எல்.பி-யும் மிகக் குறைவாக வந்திருந்தால் ஐயமே வேண்டாம். சீரம் குழாயை முதலில் நிரப்பச் சொல்லிப் புது மாதிரி கேளுங்கள்.

கேள்வி: அழற்சியைக் கண்டறிய சி.ஆர்.பி என்ற ரத்தப் புரதத்தை எல்லா விலங்குக்கும் பார்க்கலாமா?

பதில்: நாய்க்கு அருமையானது. பூனைக்குப் பயனில்லை, பூனைக்கும் குதிரைக்கும் சீரம் அமைலாய்டு ஏ, மாட்டுக்கு ஹேப்டோகுளோபின். நல்ல மாட்டில் ஹேப்டோகுளோபின் இல்லை என்றே சொல்லலாம், அதனால் ஏறினால் தெளிவாகத் தெரியும். கடுமையான மடிநோயின் முதல் நாளில் மாட்டின் வெள்ளணு எண்ணிக்கை ஏறுவதற்குப் பதில் இறங்கும், எலும்பு மஜ்ஜையில் அதற்கு இருப்பு குறைவு. அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 20 சோதனையில் ஒன்றே ஒன்று எல்லைக்கு வெளியே. என்ன செய்வது?

பதில்: இயல்பு எல்லை என்பது ஆரோக்கியமான விலங்குகளில் 95 சதவீதத்தை அடக்கும்படி வகுத்தது. தொடர்பில்லாத 20 சோதனை செய்தால், நோயே இல்லாத விலங்கிலும் குறைந்தது ஒன்று வெளியே விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. எவ்வளவு வெளியே, கூட எது நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். தனியாக, மயிரிழையில் வெளியே இருந்தால் மறு மாதிரி எடுப்பதே போதும்.

கேள்வி: கிளிக்கு யூரியா, கிரியாட்டினின் பார்த்துச் சிறுநீரகம் சரி என்றார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தால், அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகள் செத்ததை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றும் தெரிய ஆசை.

பதில்: பறவைகளுக்கு யூரிக் அமிலம் பார்க்க வேண்டும். நகத்தை வெட்டி எடுத்த ரத்தம் வேண்டாம், காலில் ஒட்டிய எச்சமே யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும். உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் ரத்தம் எடுக்கக் கூடாது; 100 கிராம் பறவைக்கு 1 மி.லி. ஊன் தின்னும் பறவையில் உணவுக்குப் பிறகு யூரிக் அமில அளவு ஏறும், பட்டினியில் எடுங்கள்.

பாறு கழுகுகளின் உடலைத் திறந்தபோது இதயத்தின் மேலும் கல்லீரலின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் நின்றுபோனதன் அடையாளம் அது. அப்படிச் செத்தவற்றின் சிறுநீரகத்தில் டைக்ளோஃபெனாக் எச்சமும் இருந்தது. வேறு காரணத்தால் செத்தவற்றில் இல்லை. பாகிஸ்தானில் நடந்த அந்த ஆய்வு 2004-ல் வெளியானது. 2006-ல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடைசெய்தது. மாற்றாக வந்த மெலாக்சிகாம் என்ற வலி மருந்து பாறுகளுக்குப் பாதுகாப்பானது.

படிவு மட்டும் சான்றாகாது. நீர்வறட்சியும் வைட்டமின் ஏ குறைவும்கூடப் பறவைகளில் அதே வெள்ளைப் படிவைத் தரும். மருந்து எச்சம் தேட சிறுநீரகம், கல்லீரல் துண்டுகளை உறைய வையுங்கள். படிகத்தை நுண்ணோக்கியில் காட்ட வேண்டுமென்றால் இன்னொரு சிறுநீரகத் துண்டை நீர் கலக்காத ஆல்கஹாலில் போடுங்கள். ஃபார்மலினில் யூரேட் படிகம் கரைந்துபோகும்.